முற்றத்துக்குச் சீமெந்து போட முதல்

சித்திரை பிறந்தால் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் ஒரே கதைதான் கதைப்பினம். "தாங்கேலாத வெக்கை." பஸ்ஸில், கம்பஸ் கன்ரீனில், கோயில் வீதியில், வட்ஸ்அப் ஸ்ரேற்றஸில் எல்லாம் இதே வசனம். பொய்யில்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கிறது. எந்த ஊருக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு உச்சம் எண்டு வளிமண்டலவியல் திணைக்களம் வருசாவருசம் அறிவிக்கும். பிறகு மே மாதம் கத்திரி வெயில். சோளகம் பிடிக்கும் வரைக்கும் இலைகூட அசையாது.

ஆனால் இந்த வெக்கையோடு சேர்ந்து வாற சந்தோசங்களைப் பற்றி ஆரும் பெரிதாகக் கதைக்கிறதில்லை. கதைச்சாலும் "அந்தக் காலத்தில..." எண்டு தொடங்கி ஒரு பெருமூச்சோடு முடிச்சுப்போடுவினம். நாங்கள் இருபதுகளின் தொடக்கத்தில் நிற்கிறம். எங்களுக்கு 'அந்தக் காலம்' எண்டு ஒண்டு இல்லை. நாங்கள் சொல்லப்போறது இப்பவும் இருக்கிற, போன கிழமைகூட அனுபவிச்ச விசயங்களைப் பற்றி. அவை எங்கட வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும்தான் இருக்கின்றன. அதே நேரம் கண்ணுக்கு முன்னாலேயே குறைஞ்சுகொண்டும் வருகின்றன. குறைக்கிறது வெயில் இல்லை. சீமெந்தையும் இன்ரலொக் கல்லையும் வாங்கி இறக்கிற நாங்கள்தான்.

இந்தக் கட்டுரை அதைப்பற்றித்தான். வளவை மூடாதேயுங்கோ எண்டு சொல்லப்போறம். சும்மா சொல்லாமல், ஏன் எண்டும், அதுக்கு ஆர் என்ன செய்யவேணும் எண்டும் சேர்த்துச் சொல்லப்போறம்.

கிணற்றடியில் தொடங்குவம்

மத்தியானம் பன்னிரண்டரைக்கு சைக்கிளில் வந்து இறங்கி, கிணற்றில் அள்ளின முதல் வாளியைத் தலையில் ஊத்திப் பாருங்கோ. அந்த நேரம் கூரையில் நிற்கிற கறுப்புத் தாங்கியின் பைப்பைத் திறந்தால் பிளேன்ரீ ஊத்துற சூட்டில் தண்ணி வரும். கிணற்றுத் தண்ணி மட்டும் குளிரும். இதில் மாயம் ஒண்டும் இல்லை. நிலத்துக்குக் கீழே வெப்பநிலை வருசம் முழுக்கப் பெரிதாக மாறுறதில்லை. அதனால்தான் அதே கிணறு மார்கழி விடியப்புறம் வெதுவெதுப்பாக இருக்கிறது, சித்திரை மத்தியானம் 'ஜில்' எண்டு இருக்கிறது. குளிச்ச தண்ணி வாய்க்காலால் ஓடி வாழைக்குப் போகும். அங்கே இருந்து தென்னைக்கோ கமுகுக்கோ போகும். கிணற்றடியில் வாழை வச்ச ஆக்கள் அதை அழகுக்கு வைக்கேல்லை. ஆளும் குளிர்ந்து, மரமும் குடிச்சு, ஒரு வாளி இரண்டு வேலை செய்யும்.

குளிச்சுப்போட்டு வந்தால் சாப்பாடு. வெயில் காலத்துக்கு எங்கட வீடுகளில் ஒரு தனிச் சமையல் இருக்கிறது, அதில் பாதி அடுப்பே பற்றவைக்காதது. முதல்நாள் இரவு தண்ணி ஊத்தி வச்ச பழஞ்சோற்றில் மோர் விட்டு, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப் போட்டு, மிச்சம் இருந்த கறியோடு குழைச்சு, உருண்டையாக உருட்டிக் கையில் தர, சுற்றி இருந்து சாப்பிடுறது. தட்டும் தேவையில்லை, கரண்டியும் தேவையில்லை. ஆரின் உருண்டை பெரிசு எண்டு ஒரு சண்டை மட்டும் தேவை.

வேம்பு பூக்கிற காலம் வந்தால் மரத்துக்குக் கீழே சாக்கை விரிச்சு, உதிருற பூவைச் சேர்த்து, உளுந்தும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் கலந்து வடகம் போடுவினம். சுளகில் தட்டி வச்ச வடகம் காயிறதுக்கு இந்தக் கொடுமையான வெயில்தான் வேணும். நாங்கள் திட்டுற அதே வெயில்தான் வடகத்தையும், மோர் மிளகாயையும், பிறகு ஆடி ஆவணியில் பனம்பழக் களியைப் பனாட்டாகவும் காயவச்சுத் தருகிறது. மாரியில் வெறும் சோற்றோடு ஒரு வடகத்தைப் பொரிச்சுக் கடிச்சால் அந்தக் கைப்புக்குள் சித்திரை வெயில் இருக்கும்.

நுங்கைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லுவம். கத்தியால் சீவித் தர, மூன்று கண்ணுக்குள்ளும் பெருவிரலை விட்டு, மூஞ்சி எல்லாம் தண்ணி தெறிக்க உறிஞ்சிக் குடிக்கவேணும். கரண்டியால் தோண்டிக் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுறவையோடு எங்களுக்குக் கொள்கை ரீதியான முரண்பாடு உண்டு. குடிச்சு முடிச்ச கோம்பை இரண்டை ஒரு தடியில் குத்தினால் சின்னன்களுக்கு வண்டில். அவையும் விளையாடி முடிஞ்சால் மாட்டுக்குச் சாப்பாடு.

பிறகு மாம்பழம். கறுத்தக்கொழும்பான் பழுத்தாலும் பச்சையாகத்தான் நிற்கும், மணத்தால்தான் கண்டுபிடிக்கவேணும். அம்பலவி, வெள்ளைக்கொழும்பான், விலாட், செம்பாட்டான் எண்டு ஒவ்வொரு வளவுக்கும் ஒவ்வொரு பெருமை. முக்கியமான விசயம், ஒரு மரம் காய்ச்சால் அது ஒரு வீட்டால் தின்று முடிக்க ஏலாது. அதனால் பகிரத்தான் வேணும். வேலிப் பொட்டுக்கால் ஒரு பை மாம்பழம் போகும், அங்கே இருந்து ஒரு கட்டு முருங்கையிலையோ, இரண்டு முட்டையோ திரும்பி வரும். எங்கட அயலட்டை உறவுகளில் பாதி இப்படி அளவுக்கு மிஞ்சிக் காய்ச்ச மரங்களால் உண்டானது.

பின்னேரம் முற்றம் கூட்டித் தண்ணி தெளிச்ச உடனே எழும்புற மண்மணம். அதோடு வாற முதல் சோளகக் காற்று. பொழுதுபட்டால் முற்றத்தில் பாய். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓஎல், ஏஎல் எண்டு படிச்சுக்கொண்டிருந்த எங்களுக்கு அது நரகம்தான், அதை இனிப்பாக்கிச் சொல்ல நாங்கள் தயாரில்லை. ஆனால் அந்த இரவுகளில் ஒழுங்கை முழுக்க ஆக்கள் வீட்டுக்குள் இருந்து முற்றத்துக்கு வந்தினம். ஃபோனில் சார்ஜ் இல்லை. கதைக்கிறதைத் தவிர வேற வழியில்லை. அப்பாமார் தங்கட சின்ன வயதுக் கதைகளைச் சொன்னதும், பக்கத்து வீட்டு அன்ரிக்கு இவ்வளவு பாட்டுத் தெரியும் எண்டு கண்டதும் அப்பதான். மண் முற்றம் இருந்த வீடுகளுக்கு அந்தக் கோடையில் போய்ப் படுக்க ஒரு இடம் இருந்தது. முழுக்கக் கல் பதிச்ச வீடுகளில் இரவு பத்து மணிக்கும் நிலம் சுட்டது.

கல் பதிச்ச வளவு

இப்ப ஒழுங்கைகளில் நடந்து பாருங்கோ. கிடுகு வேலி போய் ஆறடி மதில். படலை போய் உருட்டுற கேற். கேற்றில் இருந்து விறாந்தை வரைக்கும் இன்ரலொக் கல். வேம்பு நிண்ட இடத்தில் சட்டியில் வச்ச ஒரு பெயர் தெரியாத செடி. வெளிநாட்டில் இருந்து காசு வருகிறது, வீடு திருத்துகினம், அது சந்தோசம்தான். போரில் இடிஞ்ச வீட்டைத் திருப்பிக் கட்டுற ஆக்களுக்கு உறுதியான, துப்பரவான ஒரு வளவு வேணும் எண்டு இருக்கிற ஆசையை நாங்கள் நக்கலடிக்கேல்லை. ஆனால் அந்தக் கல்லுக்குக் கீழே என்ன போகிறது எண்டு ஒருக்கால் கணக்குப் பாப்பம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லை. இருக்கிற வழுக்கியாறும் மாரிக்கு மட்டும்தான். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி மண்ணுக்கால் இறங்கி, அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் தங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணிக்கு மேலே ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. எங்கட கிணறு எல்லாம் அந்தப் படையில்தான் கை வைக்கிறது. மேலே இருந்து இறங்குற மழை குறைய, நாங்கள் இறைக்கிறது கூட, கீழே இருந்து உவர் ஏறும். ஒருக்கால் உவர் ஏறின கிணற்றைத் திருப்பி எடுக்கிறது லேசில்லை.

இப்ப கணக்கு. ஒரு பரப்புக் காணி எண்டால் 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர். மாரியில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்து முடிஞ்சால், உங்கட ஒரு பரப்புக்குள் மட்டும் வந்து சேருறது 25,000 லீற்றருக்கு மேல். கூரையில் நிற்கிற 1000 லீற்றர்த் தாங்கி 25. அந்தப் பரப்பில் பாதிக்குக் கல் பதிச்சு, சரிவு எடுத்து, கேற்றுக்கு வெளியே விட்டால், கிணற்றுக்குப் போகவேண்டியதில் பாதி ரோட்டுக்குப் போகும். மாரியில் எங்கட ஒழுங்கைகள் ஏன் வெள்ளக்காடாகின்றன, சித்திரையில் ஏன் கிணறு அடித்தட்டுகிறது எண்டு கேட்டால், இரண்டுக்கும் மறுமொழியின் ஒரு பங்கு அந்தக் கல்லில் இருக்கிறது.

2024இல் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குற நிலையம் திறந்தது. குழாய்த் தண்ணி எங்களுக்குத் தேவைதான், கிணறு கெட்டுப்போன ஊர்களில் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் வானத்தால் சும்மா வந்த நன்னீரை ரோட்டால் கடலுக்கு அனுப்பிப்போட்டு, அதே கடலின் தண்ணியை மின்சாரம் செலவழிச்சு நன்னீராக்கி, பில் கட்டி வாங்குறது என்ன கணக்கு?

சூடும் அப்படித்தான். கல்லும் சீமெந்தும் பகல் முழுக்க வெயிலைக் குடிச்சு வச்சு இரவில் வெளியே விடும். ஈரமண் ஆவி விட்டுக் குளிரும், மரம் நிழலும் தந்து ஆவியும் விட்டுக் குளிர்விக்கும். வேம்பை வெட்டிக் கல்லைப் பதிச்சுப்போட்டு, அறைக்கு ஏசி பூட்ட விலை கேட்கிறம்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

எங்கட கூட்டத்துக்குள்ளேயே இதைக் கதைச்சபோது வந்த கேள்விகள் இவை. எல்லாம் நியாயமான கேள்விகள்.

சருகை ஆர் கூட்டுறது? பாம்பு, பூச்சி வராதோ? டெங்கு? வயசான அம்மம்மாவும் அப்பப்பாவும் தனிய இருக்கிற வீட்டில், சேறு வழுக்கி விழுந்தால் ஆர் பொறுப்பு?

கடைசிக் கேள்விதான் கனமானது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, இரண்டு முதியவர்கள் நாலு பரப்பு வளவைக் கட்டி மேய்க்கிற வீடுகள் எங்கட ஊரில் ஏராளம். அவைக்குச் சீமெந்து ஆடம்பரம் இல்லை, விழாமல் கிணற்றடிக்குப் போய் வாற வழி. அதனால் நாங்கள் 'சீமெந்தே வேண்டாம்' எண்டு சொல்லேல்லை. கேற்றில் இருந்து விறாந்தைக்கு, விறாந்தையில் இருந்து கிணற்றடிக்கும் கழிவறைக்கும் வழுக்காத ஒரு நடைபாதை போடுங்கோ. கைபிடி வச்சுப் போடுங்கோ. மிச்சத்தை மண்ணாக விடுங்கோ. பாதை தேவைப்படுற ஆளுக்கு முற்றம் முழுக்கக் கல் தேவையில்லை.

டெங்கு நுளம்பு மண்ணில் பெருகுறதில்லை, தேங்கின தண்ணியில் பெருகுகிறது. சிரட்டை, ரயர், யோகட் கப், அடைச்ச பீலி, கல் பதிச்ச வளவின் பள்ளத்தில் நிற்கிற மழைத்தண்ணி. தண்ணியை உறிஞ்சுற மண் இதில் எங்கட பக்கம்தான் நிற்கிறது. பாம்பு வாறது பத்தைக்கும் குவிச்சு வச்ச கல்லுக்கும். கூட்டித் துப்பரவாக வச்சிருக்கிற மண் முற்றத்தில் அது வந்தாலும் கண்ணுக்குத் தெரியும்.

அப்ப மிஞ்சுறது முதல் கேள்விதான். கூட்டுறது ஆர்?

ஆரின்ர சந்தோசம்?

இதுவரைக்கும் எழுதினதைத் திருப்பிப் படிச்சுப் பாருங்கோ. பழஞ்சோறு குழைச்சது ஆர்? வடகம் போட்டது ஆர்? விடிய அஞ்சு மணிக்கு எழும்பிக் குனிஞ்சு முற்றம் கூட்டினது, பின்னேரம் திரும்பவும் கூட்டித் தண்ணி தெளிச்சது ஆர்? எங்கட வீடுகளில் இதுக்கெல்லாம் ஒரே மறுமொழிதான், அம்மா. இல்லையெண்டால் அம்மம்மா, அக்கா. பாயில் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பாத்தது மற்ற எல்லாரும். மண் முற்றத்தின் அழகைப் பற்றி உருகி உருகிப் பதிவு போடுற ஆம்பிளைகளில் எத்தனை பேர் விளக்குமாறு பிடிச்சிருப்பினம்? இன்ரலொக் போடவேணும் எண்டு பல வீடுகளில் முதலில் கேட்டது அம்மாமார்தான். அவையின் நாரி அதைக் கேட்டது. அந்தக் கோரிக்கையை 'பண்பாடு அழியுது' எண்டு சொல்லி மறிக்க ஆருக்கும் உரிமை இல்லை. விளக்குமாற்றைக் கையில் எடுத்துப்போட்டு வந்து கதைக்கலாம்.

நுங்குக்கும் அதே கேள்வி. பனையில் ஏறினது ஆர்? உயிரைப் பணயம் வச்சு ஏறின சீவல் தொழிலாளர்களை எங்கட சமூகம் படலைக்கு வெளியே நிறுத்தித்தான் வச்சிருந்தது. நாங்கள் மேலே புகழ்ந்த கிணறும் அப்படித்தான். 'நல்ல தண்ணிக் கிணற்றில்' அள்ள விடாமல், ஆரும் வந்து ஊத்தும் வரைக்கும் குடத்தோடு காத்துக்கொண்டு நிற்கவச்ச ஊர்கள் இவை. அதை மறைச்சுப்போட்டுக் கிணற்றடியின் குளிர்மையைப் பாட எங்களால் ஏலாது. அந்தக் குளிர்மை எல்லாருக்கும் கிடைச்ச ஒண்டில்லை.

வளவே இல்லாத ஆக்களும் இருக்கினம். வலிகாமம் வடக்கில் 1990இல் இடம்பெயர்ந்த சனம், கால் நூற்றாண்டுக்கு மேல் தங்கட வளவைக் கம்பி வேலிக்கு வெளியே நிண்டு பாத்தது. சில காணிகள் விடுபட்டன, இன்னும் சில விடுபடேல்லை. விடுபட்ட நாள் திரும்பிப் போனவை முதலில் தேடினது தங்கட கிணறு எங்கே, மாமரம் நிற்கிறதோ எண்டுதான். வீடு இடிஞ்சு பத்தை மூடின இடத்தில், இது எங்கட காணி எண்டு அடையாளம் சொன்னது கிணறும் மரமும்தான். மலையகத்தில் லயன் அறைகளில் இருக்கிற குடும்பங்கள் 7 பேர்ச் காணிக்கு எத்தனை வருசமாகக் கேட்டுக்கொண்டு நிற்குது. எங்கட ஒரு பரப்பை விடக் குறைஞ்ச அந்த 7 பேர்ச்சுக்குள் ஒரு மரத்தைத் தங்கட எண்டு நட ஆசைப்படுற நண்பர்கள் எங்கட வகுப்பிலேயே இருக்கினம். நாலு பரப்பு கையில் இருக்கிற நாங்கள் அதைக் கல்லால் மூடுறதைப் பற்றி அவையிடம் என்ன சொல்லுறது?

அதனால் எங்கட நிலைப்பாடு இதுதான். வளவின் சந்தோசம் சின்ன விசயம் இல்லை. அது நிலம், தண்ணி, உழைப்பு மூன்றிலும் கட்டுப்பட்டது. அதைக் காப்பாற்றவேணும் எண்டால் உழைப்பைப் பங்கிடவேணும், தண்ணியைப் பங்கிடவேணும், நிலம் இல்லாதவைக்கு நிலம் கேட்கவேணும். வேலையை அம்மாவிடம் விட்டுப்போட்டு இரசனையை மட்டும் நாங்கள் வச்சுக்கொள்ளுறது இரசனையே இல்லை.

அப்ப என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் ஒண்டும் இல்லை. 2022 ஆனியில் சாப்பாட்டுக்கும் பெற்றோலுக்கும் தட்டுப்பாடு வந்தபோது அரசாங்கமே அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து, போய் வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டது. பயிர் ஒரு வெள்ளிக்கிழமையில் முளைக்காது எண்டு எல்லாரும் பகிடி விட்டினம், சரிதான். நெருக்கடி வந்தபிறகு மண்ணைத் தேடினால் மண் அங்கே இருக்கவேணும் தானே.

நாங்கள் எங்கட வீடுகளில் தொடங்கியிருக்கிறது இவ்வளவுதான். கிழமையில் மூன்று நாள் முற்றம் கூட்டுறது பெடியளின் வேலை. 'உதவி' எண்டு சொல்லக்கூடாது, முறை எண்டு சொல்லவேணும். கூட்டின சருகை எரிக்கிறதில்லை. மாமரத்தடியில் குவிச்சு மேலே கொஞ்சம் மண் போட்டால் மாரிக்குள் உக்கிப் பசளையாகும், புகையும் இல்லை. கூரைத் தண்ணி விழுற பீலிக்குக் கீழே ஒரு கிடங்கு வெட்டிக் கல்லும் மணலும் நிரப்பினால், அந்த மழை வளவுக்குள்ளேயே இறங்கும். கிடங்கு மலசலகூடக் குழிக்குக் கிட்ட இல்லாமல் பாத்துக்கொள்ளுங்கோ. மரம் நடுறதை ஐப்பசி மழையோடு செய்யுங்கோ. சித்திரையில் நட்டுப்போட்டு ஃபோட்டோ போட்டால் வைகாசியில் அது விறகு.

அறை எடுத்துப் படிக்கிற ஆக்களுக்கு வளவு இல்லை. ஆனால் அந்த அறை இருக்கிற வீட்டுக்கு வளவு இருக்கும், அங்கே தனிய ஒரு அம்மா கூட்டிக்கொண்டும் இருப்பா. சனிக்கிழமை விடிய ஒரு மணித்தியாலம் விளக்குமாறைக் கேட்டு வாங்குங்கோ. மாம்பழக் காலத்தில் அது வீண் போகாது எண்டு நாங்கள் உத்தரவாதம் தருகிறம்.

ஆடிப்பிறப்புக்கு, பயறு வறுத்து, பனங்கட்டி கரைச்சு, தேங்காய்ச் சொட்டுப் போட்டுக் கூழ் காய்ச்சிப் பிலாவிலையில் குடிக்க இந்த வருசமும் எல்லாரும் ஆசைப்படுவம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டையும் ஸ்ரேற்றஸ் போடுவம். அந்தப் பிலாவிலை கடையில் விற்கிறதில்லை. ஆரோ ஒரு வளவில் ஆரோ ஒருவர் வெட்டாமல் விட்ட பிலா மரத்தில்தான் பறிக்கவேணும்.

எங்கட தலைமுறையில் எல்லாருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும். காசு வந்திருக்கும், கல்லு வந்து இறங்கியிருக்கும், மேசன் நூலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு கேட்பார், "தம்பி, தங்கச்சி, எதுவரைக்கும் பதிக்கிறது?"

நடக்கிற பாதைக்கு மட்டும் எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தைக் கூட்டுறது தங்கட பொறுப்பு எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. சொன்னபடி செய்யுங்கோ.